பிச்சிப்பூவும் வடிகலமும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவிலும் கிழக்கேகோட்டையிலும் முழம்போட்டு விற்கும் பிச்சியும் மல்லிகையும் பெரும்பாலும் அந்த ஊர் மண்ணில் பூத்தவை அல்ல. தோவாளைச் சந்தையிலிருந்து வருபவை. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இறங்கும் இடத்தில் இருக்கிறது தோவாளை. அங்கிருந்து திருவனந்தபுரம் சுமார் 80 கிலோமீட்டர். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களோடு சேர்ந்து தோவாளையும் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதுவரை அது திருவனந்தபுரத்திலிருந்து ஆளப்பட்ட மண். எல்லை மாறியும் பூ போகும் திசை மாறவில்லை. பத்மநாபசுவாமி கோயிலுக்கு மாலை கட்டிக்கொடுத்த மரபில் வந்த தோவாளை மாணிக்க மாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

தலையிலும் சாமியிலும் சேரும் இந்தப் பூவை இப்போது இன்னொரு தொழிலும் தேடத் தொடங்கியிருக்கிறது. சிறு அளவில், மூலப்பொருளின் ஊரைச் சொல்லி விற்கும் கைவினை ஜின். இந்தியாவில் இந்த அலை 2017இல் நாவோ ஸ்பிரிட்ஸ் நிறுவனத்தின் 'கிரேட்டர் தேன்' ஜின்னோடு எழுந்தது. அடுத்த ஆண்டே அதே நிறுவனத்தின் 'ஹபூசா', தேர்ட் ஐ நிறுவனத்தின் 'ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ்', ராடிகோ கேத்தானின் 'ஜெய்சல்மேர்' ஆகியவை வந்தன. வெட்டிவேர், கொத்தமல்லி விதை, எலுமிச்சைத் தோல், எலுமிச்சைப் புல் என்று நம் சமையலறையும் வயலும் அந்தப் புட்டிகளுக்குள் போயின. வேரும் விதையும் தோலும் எளிதாகப் போய்ச் சேர்ந்தன. பூவுக்கு அந்த எளிமை இல்லை. அதிலும் இரசாயனம் தொடாமல் வளர்த்து, கையால் பறித்த வாசனைப் பூ என்றால், அதற்கான தோட்டமும் ஆளும் நேரமும் கூலியும் இன்றைய பூச்சந்தையின் ஒழுங்கில் இல்லவே இல்லை. தடை வடிகலத்தில் இல்லை, தோட்டத்தில் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

ஜின் என்பது தானியத்திலிருந்தோ கரும்புச் சாற்றுக் கழிவிலிருந்தோ எடுத்த, வாசனையற்ற சாராயத்தில் ஜூனிபர் காயின் மணத்தை ஏற்றிய மது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு விதிப்படி ஜூனிபரின் சுவையே மேலோங்கி நிற்க வேண்டும்; ஆல்கஹால் 37.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 'லண்டன் ஜின்' என்ற வகைக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமை: மணம் முழுவதும் தாவரப் பொருட்களைச் சாராயத்தோடு சேர்த்து மறுபடி வடிப்பதிலிருந்தே வர வேண்டும், பிறகு எசன்ஸ் ஊற்றக் கூடாது. ஜூனிபருக்குப் பக்கத்தில் நிற்கும் துணை மணங்களில்தான் ஒவ்வொரு ஊரும் தன் முகத்தைக் காட்டுகிறது. ஜப்பானின் 'ரோகு' செர்ரிப் பூவையும் இலையையும் பருவம் பார்த்துப் பறித்துத் தனியே வடிக்கிறது. ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் செய்யும் 'தி பொட்டானிஸ்ட்' அந்தத் தீவிலேயே கையால் பறித்த 22 தாவரங்களைச் சேர்க்கிறது. கொழும்பில் ராக்லண்ட் நிறுவனம் கறுவாப்பட்டையையும் கறிவேப்பிலையையும் போட்டு வடிக்கிறது.

பிச்சிக்கு வருவோம். தோவாளைக்காரர்கள் பிச்சி என்று சொல்வது ஜாதிமல்லி வகை, தாவரவியலில் ஜாஸ்மினம் கிராண்டிபுளோரம். இதழின் அடிப்புறத்தில் இளஞ்சிவப்பு ஓடும். ஒரு கிலோ பூவில் சுமார் 8,000 முதல் 10,000 பூ இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு தனி விரலசைவு. இதைப் பறிக்க இயந்திரம் இல்லை, வரும் என்றும் தோன்றவில்லை, ஏனென்றால் ஒரே கொத்தில் இன்றைய மொட்டும் நாளைய மொட்டும் நாலு நாள் கழித்துப் பூக்கும் மொட்டும் சேர்ந்தே இருக்கும். எது இன்றையது என்று கண்ணும் விரலும் இருட்டிலேயே முடிவு செய்கின்றன. நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, ஈரச் செடிக்குள், பாம்புக்கும் பூச்சிக்கும் நடுவே, பின்னிரவில் தொடங்கும் வேலை அது. செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று பறிகூலி.

மாலை கட்டுவதற்கு வேண்டிய பூவும் மணம் எடுப்பதற்கு வேண்டிய பூவும் ஒன்றல்ல. சந்தைக்கு மொட்டு வேண்டும். காலையில் கட்டி, சாயங்காலம் தலையில் மலர்ந்தால்தான் அதற்கு விலை. மொட்டுக்குள்ளோ மணம் மிகக் குறைவு. மல்லிகையும் பிச்சியும் மலரும்போதுதான் மணப்பொருட்களை உண்டாக்கி வெளியே விடுகின்றன. பென்சைல் அசிடேட், லினலூல், மிகச் சிறிய அளவில் இண்டோல், அந்த இனத்தின் பெயரைத் தாங்கிய ஜாஸ்மோன் என்று பல சேர்மங்கள் சில மணி நேரத்துக்குள் பெருகி, வெயில் ஏறியதும் குறைந்துவிடும். செடியிலிருந்து பறித்த பிறகும் பூ இந்த வேலையை நிறுத்துவதில்லை. அதனால்தான் தமிழ்நாட்டின் மல்லிகை மணச்சாறு ஆலைகள் பகலில் வரும் மொட்டைப் பரப்பிவைத்து, இரவில் அது விரியக் காத்திருந்து, பிறகே கலத்தில் போடுகின்றன. பிச்சியை விரிந்த நிலையிலேயே விடியுமுன் பறித்து உடனே போட வேண்டும். ஆக, ஜின்னுக்குப் பூக் கேட்பவர் தோவாளையில் ஏலம் முடிந்து மிஞ்சிய கூடையை வாங்கிப் போவதில் பொருள் இல்லை. அவருக்கு வேண்டியது வேறு நேரத்தில், வேறு நிலையில், வேறு கவனத்தோடு பறித்த பூ.

மணச்சாறு ஆலைகள் எக்சேன் என்ற பெட்ரோலியக் கரைப்பானில் பூவைக் கழுவி, மெழுகு போன்ற 'கான்கிரீட்' எடுக்கின்றன. ஆயிரம் கிலோ பிச்சிக்கு ஏறக்குறைய மூன்று கிலோ கான்கிரீட். அதைச் சாராயத்தில் கரைத்து மெழுகை நீக்கினால் பாதியளவு 'அப்சல்யூட்'. உலக வாசனைத் தொழில் இதை நம்பித்தான் நடக்கிறது. சத்தியமங்கலம், கோவைப் பக்கத்து மல்லிகையும் ஜாதிமல்லியும் பிரான்சின் பெரிய வாசனை நிறுவனங்கள் வரை போகின்றன. அப்சல்யூட்டை உணவில் மிகச் சிறிய அளவில் சேர்க்க அமெரிக்க விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் இயற்கை வேளாண்மை என்று சொல்லி விற்கும் ஒரு ஜின்னுக்கு இந்த வழி பொருந்தாது. கரைப்பானின் எச்சம் ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: எண்ணெயில் கரையும் எதையும் எக்சேன் சேர்த்தே இழுத்துவரும். பூவின்மேல் பூச்சிமருந்து இருந்தால் அதுவும் செறிந்து வரும்.

வேறு வழிகளும் உண்டு, அவை நம் நாட்டிலும் அண்டை நாடுகளிலும் பழகியவை. சீனாவின் பூச்சோ நகரில் மாலையில் விரியப் போகும் குண்டுமல்லி மொட்டைத் தேயிலையோடு கலந்து, இரவு முழுவதும் தேயிலை அந்த மணத்தைக் குடிக்க விடுகிறார்கள். அந்த வேளாண் மரபை ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை அமைப்பு 2014இல் உலக மரபாக ஏற்றது. உத்தரப் பிரதேசத்தில் எள்ளையும் மல்லிகையையும் அடுக்கடுக்காகப் பரப்பி, பூவை மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் மணம் ஏறிய எள்ளை ஆட்டி எண்ணெய் எடுத்தார்கள். கன்னோஜில் செம்புக் கலத்தில் பூவைத் தண்ணீரோடு காய்ச்சி அத்தர் வடிக்கிறார்கள். மல்லிகை சூட்டுக்கு அஞ்சும் பூ. நீராவியில் அதன் மேல்மணம் சிதைந்துவிடும் என்பது உண்மை. ஜின் செய்பவர்கள் இதற்கு மூன்று விதமாக விடை கண்டிருக்கிறார்கள். 'பாம்பே சஃபையர்' தாவரங்களைச் சாராயத்தில் ஊறப்போடாமல், துளையிட்ட கூடையில் மேலே வைத்து ஆவியை மட்டும் அதன் வழியே விடுகிறது. சிலர் காற்றழுத்தத்தைக் குறைத்துத் தாழ்ந்த சூட்டில் வடிக்கிறார்கள். 1999இல் வந்த 'ஹென்ட்ரிக்ஸ்' ரோஜா, வெள்ளரி மணத்தை வடித்து முடித்த பிறகே சேர்க்கிறது. இந்த மூன்றில் பிச்சிக்கு ஏற்றது தாழ்ந்த சூட்டு வடிப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் எந்த முறையானாலும் கலம் தோட்டத்துக்கு அருகில் இருக்க வேண்டும். இந்தியக் கைவினை ஜின்னின் தலைநகரான கோவாவுக்குத் தோவாளையிலிருந்து பூ போய்ச் சேரும்போது அதில் மணத்தைவிட வாட்டம்தான் மிஞ்சியிருக்கும்.

பூவின் தூய்மை பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நாம் பூவை உணவாகக் கருதியதில்லை. 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவசம் போர்டு, தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியைச் சேர்ப்பதை நிறுத்தியது. அரளியை வாயில் போட்டு மென்றதால் ஓர் இளம்பெண் இறந்ததாகச் செய்தி வந்த பின்னர் எடுத்த முடிவு அது. அரளியின் எல்லாப் பாகத்திலும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு உண்டு. அதே அரளி மாணிக்க மாலைக்கு அடிப்படையான பூ, தோவாளைச் சந்தையில் பிச்சிக்குப் பக்கத்துக் குவியல். மாலைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. வாய்க்குள் போகும் பொருள் என்று வந்துவிட்டால், அரளி இருந்த கூடை, அரளி கொட்டிய தரை, அரளி தொட்ட கை எல்லாமே கேள்விக்கு உரியவை. ஜின்னுக்கான பூ சந்தையின் தரையைத் தொடாமல் தோட்டத்திலிருந்து நேரே போக வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

தெளிப்பு மருந்து இதைவிடப் பெரிய சிக்கல். மொட்டுப்புழு, பூ ஈ, செஞ்சிலந்தி ஆகிய மூன்றும் மல்லிகைத் தோட்டத்தின் தீராத தொல்லைகள். மொட்டுக்குள் புகுந்த புழுவைக் கொல்ல மோனோகுரோட்டோபாஸ் போன்ற கடும் மருந்துகளே நெடுங்காலம் பரிந்துரையில் இருந்தன. 2005இல் காய்கறிகளுக்குத் தடை செய்த மருந்து அது. பூ காய்கறி அல்லவே என்பதால் பூந்தோட்டத்தில் தொடர்ந்தது. மூன்று நாளுக்கு முன் மருந்து அடித்த செடியில் வெறுங்கையால் மொட்டுப் பறிக்கும் பெண்ணின் உடம்பைப் பற்றி அன்று யாரும் கணக்கெடுக்கவில்லை. இயற்கைப் பூவுக்கான கோரிக்கை குடிப்பவரின் நலனுக்காக எழுந்தாலும், அதன் முதல் பலன் பறிப்பவரின் விரலுக்கும் மூச்சுக்கும் போய்ச் சேரும். எனக்கு இந்தத் தொழிலில் அக்கறை பிறந்தது அதனால்தான்.

இரசாயனம் இல்லாமல் மல்லிகை வளர்க்க முடியுமா? முடியும், விளைச்சல் குறையும், ஆள் வேலை கூடும். புழு விழுந்த மொட்டை அன்றாடம் கிள்ளி அழிக்க வேண்டும். கவாத்து செய்து செடிக்குள் காற்றும் வெளிச்சமும் புக விட வேண்டும். வேருக்கு வேப்பம் பிண்ணாக்கு, இலைக்கு வேப்பெண்ணெய்க் கரைசல், அந்துக்கு விளக்குப் பொறி. வேப்பெண்ணெய் தெளித்த மறுநாள் பூவில் அதன் நெடி ஏறாமல் இருக்க, பறிப்புக்கும் தெளிப்புக்கும் இடைவெளி விட வேண்டும். மாலைக்கட்டுப் பூவுக்கு இது பெரிய விஷயமில்லை, வடிகலத்துக்குப் போகும் பூவில் அந்த நெடி அப்படியே சாராயத்தில் இறங்கும். இந்திய அரசின் இயற்கை வேளாண்மைத் தேசியத் திட்டம் 2001இல் வந்தது. அதன்படி, மல்லிகைபோல் பல ஆண்டு நிற்கும் பயிருக்கு மாறுதல் காலம் மூன்று ஆண்டு. அந்த மூன்று ஆண்டும் உழவர் குறைந்த விளைச்சலை எடுத்து, சாதாரணப் பூவின் விலைக்கே விற்க வேண்டும். அந்த இழப்பை யார் தாங்குவது என்ற கேள்விக்கு விடை கிடைக்காதவரை 'இயற்கைப் பூ' என்பது புட்டியின் ஒட்டுத்தாளில் மட்டும் இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இதில் வரும் அளவுகள் என் அனுமானம். ஜின்னில் ஜூனிபரே லிட்டருக்கு 20, 30 கிராம்தான் போகும். பிச்சியைத் தாராளமாக லிட்டருக்கு 10 கிராம் பச்சைப்பூ என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பூ 100 லிட்டருக்குப் போதும். 750 மில்லி புட்டியில் 133 புட்டி. பூவின் விலை கிலோ 1,000 ரூபாய் என்றால் ஒரு புட்டியில் பூவின் பங்கு ஏழரை ரூபாய். இயற்கை முறைக்கும் தனிப் பறிப்புக்குமாகச் சேர்த்து மூன்று மடங்கு, 3,000 ரூபாய் கொடுத்தாலும் புட்டிக்கு 22 ரூபாய் 50 காசு. ஆயிரத்துக்கும் மேல் விலைபோகும் புட்டியில் இது பொருட்படுத்தத் தக்க தொகை அல்ல. கண்ணாடிப் புட்டிக்கும் மூடிக்கும் இதைவிட அதிகம் செலவாகிறது. பூ விலையை அடித்துப் பேசி இறக்கும் எந்த வடிப்பாளருக்கும் பொருளாதாரக் காரணம் இல்லை என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. பறிகூலியை இரண்டு மடங்காக்கினாலும் குடிப்பவர் அதை உணரமாட்டார்.

அதே கணக்கு இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறது, அதையும் மறைக்கக் கூடாது. ஆண்டுக்குப் பத்தாயிரம் லிட்டர் வடிக்கும் சிறு நிறுவனத்துக்கு வேண்டியது 100 கிலோ பூ. நன்றாகப் பேணிய ஒரு ஏக்கர் பிச்சி ஆண்டுக்கு நாலு டன் வரை கொடுக்கும். முகூர்த்தமில்லாத மாதங்களில் சில நூறு ரூபாய்க்கு இறங்கி, ஓணம், பொங்கல் சமயத்தில் ஆயிரங்களைத் தொடும் தோவாளை விலையின் ஏற்ற இறக்கத்தை ஜின் சமன் செய்துவிடாது. பூ மலிந்த நாளில் பறிகூலிக்கே கட்டாமல் செடியிலேயே விட்டுவிடும் உழவரை அது காப்பாற்றாது. ஜின்னை மட்டும் நம்பி ஒருவர் ஒரு ஏக்கரை இயற்கைக்கு மாற்றுவது தவறான முடிவாகவே முடியும். மணத் தேயிலை, பன்னீர் வகை, சர்பத், இனிப்பு என்று உணவுத் தரப் பூவுக்கு வேறு வாங்குவோரும் சேர்ந்தால் மட்டுமே அந்த ஏக்கர் நிற்கும். பிரான்சின் வாசனைத் தொழில் நகரான கிராஸைச் சுற்றிய பூந்தோட்டங்கள் முழுக்க வீட்டுமனையாகாமல் ஓரளவேனும் நிற்பதற்கு, ஒரு பெரிய நிறுவனம் 1987 முதல் ஒரே குடும்பத்தின் தோட்டத்தோடு நீண்டகால ஒப்பந்தம் வைத்திருப்பது ஒரு காரணம். அங்கே விலை சந்தையில் அன்றன்று தீர்மானமாவதில்லை.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் சொந்த மண்ணில் என்ன முடியும்? மழை கூடிய, நிழல் அடர்ந்த வீட்டுத்தோட்ட நிலம் பிச்சிக்கு ஏற்றதல்ல. நீர் தேங்கினால் அந்தச் செடி பட்டுவிடும். ஓணத்துக்காகக் கேரளத்தின் மகளிர் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயின் பெண்கள் காட்டாக்கடைப் பக்கத்திலும் மற்ற இடங்களிலும் வளர்க்கும் கேந்திப்பூ நிறத்துக்கானது. ஆனால் மகிழமரம் இங்கே கோயில்தோறும் நிற்கிறது. மகிழம்பூ காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் மணக்கும். பிச்சியைப்போல் ஓட வேண்டியதில்லை, காயவைத்து எந்த ஊருக்கும் அனுப்பலாம். இரவில் தானே உதிரும் பூ என்பதால் மரத்தடியில் சுத்தமான துணி விரித்துச் சேர்த்தால் போதும். சங்குப்பூவும் வேலியிலேயே கிடைக்கிறது. மணம் கிடையாது, நீலம் உண்டு. புளிப்புப் பட்டதும் ஊதாவாக மாறும் அந்த நிறத்தை வைத்துத்தான் கனடாவின் 'எம்ப்ரஸ் 1908' ஜின் பெயர் வாங்கியது. கைதை காயலோரமெல்லாம் உண்டு. ஆணும் பெண்ணும் வெவ்வேறு செடியாக இருக்கும் இதில் மணப்பது ஆண் செடியின் தாழம்பூ. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் அந்தப் பூவை விடியற்காலையில் வெட்டி, பக்கத்திலேயே செம்புக் கலத்தில் தண்ணீரோடு காய்ச்சுகிறார்கள். அப்படி வடித்த கேவடா நீர் நாட்டின் பிரியாணிக்கும் இனிப்புக்கும் போகிறது. சாராயம் சம்பந்தப்படாத வடிப்பு என்பதால் கலால் உரிமம் தேவையில்லை, உழவர் குழுவே நடத்தலாம். கேரளத்தில் மது மொத்த விற்பனை 1984 முதல் அரசு நிறுவனத்தின் கையில், தமிழ்நாட்டிலும் அதே நிலை. இந்தச் சூழலில் வயலோரத்தில் சாராயக் கலம் வைப்பது நடவாத காரியம், வயலோரத்தில் பூநீர் வடிப்பது நாளையே முடிகிற காரியம்.

அறிவுக்கும் பஞ்சமில்லை. பாலோட்டில் 1979 முதல் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிலையம் இருக்கிறது. பாப்பனங்கோட்டில் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்ப ஆய்வகம், வெள்ளாயணியில் வேளாண்மைக் கல்லூரி. எர்ணாகுளம் மாவட்டத்து ஓடக்காலியில் 1951இல் எலுமிச்சைப் புல்லுக்காகத் தொடங்கிய ஆய்வு நிலையம். புல்லை வயலிலேயே காய்ச்சிக் 'கொச்சி எண்ணெய்' என்ற பெயரில் உலகுக்கு அனுப்பிய பகுதி இது. பூவுக்கு மட்டும் அந்த வழி திறக்காமல் போனது, கோயிலும் கல்யாணமும் எல்லாப் பூவையும் எடுத்துக்கொண்டதால்தான்.

மதுவுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. தோவாளையிலும் திருவனந்தபுரத்திலும் குடியால் கெட்ட குடும்பங்களை அறியாதவர் யாரும் இல்லை. பூப்பறிக்கும் பெண்களில் பலருடைய கூலி வீட்டுக் குடியால் வந்த கடனுக்கே போகிறது. மது பெருக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே விலையுயர்ந்த புட்டியில் நம் மண்ணின் பெயரைப் போட்டு விற்பவர்கள், அந்த மண்ணுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கட்டும் என்கிறேன். உணவுத் தரத்தில் பூ வளர்க்கும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால், அது ஜின்னோடு நிற்காமல் தேநீருக்கும் தாழம்பூ நீருக்கும் வரும், கடைசியில் தலையில் வைக்கும் முழப்பூவுக்கும் வரும்.

பூ வாங்க வரும் வடிப்பாளர்கள் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும். மாறுதல் காலமான மூன்று ஆண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே கிலோ விலையை எழுதித் தர வேண்டும். பறிகூலியைப் பூவிலையிலிருந்து பிரித்து, பறிப்பவர் கைக்கே போகும்படி செய்ய வேண்டும். தோட்டத்தின் பெயரையும் ஊரையும் புட்டியில் போடுபவர்கள் அந்தத் தோட்டத்தின் எச்சச் சோதனை முடிவையும் வெளியிட வேண்டும். இந்த மூன்றுக்கும் சம்மதிக்காதவருக்குத் தோவாளை உழவர்கள் ஒரு கூடைப் பூவும் கொடுக்க வேண்டாம்.